தீபாவளி விளக்குச் சரம் எரியவில்லையா? தூக்கிப் போடும் முன் இடம் மாற்றிப் பாருங்கள்

சிராங்கூன் சாலையில் தீபாவளி ஒளியூட்டு தொடங்கியதும் நம் வீவக வீடுகளின் தாழ்வாரங்களும் மின்னத் தொடங்கிவிடும். பல சரங்களை மாறி மாறி ஒளிரவைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் சிலர் பயன்படுத்துகின்றனர். பெட்டியில் ஒரு சரத்தைச் செருகும் ஒவ்வோர் இணைப்பும் ஒரு ‘சேனல்’.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் எட்டு சேனல் பெட்டியில் மூன்றாவது சேனல் எரியவில்லை. அப்பா அந்தச் சரத்தைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியது வாங்கி வந்தார். அதுவும் எரியவில்லை. கோபத்தில் திருப்புளியை எடுத்துப் பெட்டியைத் திறக்கப் போனார். “முதல்ல பிளக்கைக் கழற்றுங்க!” என்று அம்மா போட்ட சத்தத்தில்தான் மின்சாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது எல்லாருக்கும் உறைத்தது.

கோளாறு சரத்திலா, பெட்டியிலா என்பதை முதலில் தெரிந்துகொண்டிருந்தால் இந்தச் செலவும் ஆபத்தும் வந்திருக்காது.

சரமா, பெட்டியா?

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, எரியாத சரத்தை நன்றாக வேலை செய்யும் சேனலில் செருகுங்கள். எரியும் சரத்தை, பிரச்சினை உள்ள சேனலில் செருகுங்கள். இரண்டும் ஒரே வகைச் சரங்களாக இருக்க வேண்டும். பிறகு மின்சாரம் கொடுத்துப் பாருங்கள்.

இடம் மாறியும் அதே சரம் எரியாவிட்டால் கோளாறு சரத்தில்தான். நல்ல சரமும் அந்தச் சேனலில் எரியாவிட்டால் கோளாறு பெட்டியில், அல்லது அதன் அமைப்பில்.

சரத்தில் கோளாறு என்றால், தளர்ந்த பல்பு, நசுங்கிய கம்பி, செருகியின் உள்ளே இருக்கும் ஃபியூஸ் ஆகியவற்றைப் பாருங்கள். தொடராக இணைத்த பல்புகளில் ஒன்று தளர்ந்தாலும் அந்தப் பகுதி முழுவதும் அணைந்துவிடும். ஒவ்வொரு விளக்கும் தனித்தனியாக நிறம் மாறும் சரங்களில், கட்டளை ஒரு விளக்கிலிருந்து அடுத்ததற்குக் கைமாறிச் செல்கிறது. அங்கே கடைசியாக எரியும் விளக்கையும், எரியாத முதல் விளக்கையும், இடையிலுள்ள இணைப்பையும் சோதித்தால் போதும்.

பெட்டியில் என்றால்

பக்கத்துப் பக்கத்துச் சேனல்கள் பல ஒன்றாக அணைந்தால், அவற்றுக்குப் பொதுவான ஃபியூஸ் போயிருக்கலாம். அதே ஆம்பியர் அளவுள்ள ஃபியூஸையே மாற்றுங்கள். அதுவும் உடனே போனால் எங்கோ மின்குறுக்கு இருக்கிறது. அதைவிடப் பெரிய ஃபியூஸைப் போடுவது தீயை வரவேற்பதற்குச் சமம்.

ஒரு சேனல் மட்டும் எரியாவிட்டால், பெட்டியின் சோதனை முறையில் அதை இயக்கிப் பாருங்கள். சோதனையில் எரிந்து, நிகழ்ச்சியில் எரியாவிட்டால் சேனல் எண்ணோ வரிசையோ தவறாகப் பதிவாகியிருக்கலாம்.

230 வோல்ட் சரங்களை இயக்கும் பல பெட்டிகளில் ‘டிரையாக்’ என்ற மின்னணு விசை உள்ளது. அது பழுதானால் சேனல் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கக்கூடும். சிறிய எல்இடி சரம் இழுக்கும் மின்னோட்டம் குறைவு என்பதால், நல்ல டிரையாக்கும் சில வேளைகளில் சரியாக இயங்காது. சரம் துடிக்கும் அல்லது மங்கலாக எரியும்.

கவனத்தில் கொள்ளுங்கள்

டிரையாக் அணைந்த நிலையிலும் சிறிதளவு மின்சாரத்தைக் கசியவிடும். எனவே விளக்கு எரியவில்லை என்பதற்காக அங்கே மின்சாரம் இல்லை என்று எண்ணிவிடக்கூடாது. செருகியைக் கழற்றிய பிறகே பல்பைத் தொடுங்கள்.

தீபாவளிக் காலம் பிற்பகல் இடிமழைக் காலமும்கூட. தாழ்வாரத்து இணைப்புகளில் ஈரம் புகுந்தால் வீட்டின் ஆர்சிசிபி மின்சாரத்தைத் துண்டிக்கும். சிங்கப்பூரில் 1985 ஜூலை முதல் புதிய வீடுகளில் இக்கருவி கட்டாயம். பழைய வீடுகளுக்கு 2025 ஜூலை 1 வரை அவகாசம் தரப்பட்டது. அது மீண்டும் மீண்டும் விழுந்தால் மேலே தள்ளித் தள்ளிப் பார்க்காமல் சரங்களைக் கழற்றிவிடுங்கள். வீட்டு மின்கம்பிகளில் கோளாறு என்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள்.

எங்கள் வீட்டில் மூன்றாவது சேனல்தான் பழுதாகியிருந்தது. எட்டாவது சேனல் காலியாகவே கிடந்தது. சரத்தை அதில் செருகி, வரிசையை மாற்றி அமைத்தோம். அன்று இரவே தாழ்வாரம் முழுவதும் ஒளிர்ந்தது. அப்பா குப்பையில் போட்ட சரத்தில் எந்தக் குறையும் இருந்திருக்காது. அதை எடுக்கப் போனபோது குப்பை வண்டி வந்து போயிருந்தது.