சைக்காலஜி சீட் வாங்கும் முன்

பிளஸ் டூ முடிவு வந்ததும் தாம்பரம், குரோம்பேட்டை வீடுகளில் எழும் கேள்வி: "சைக்காலஜி படிச்சா கிளினிக் வைக்கலாமா?" மூன்றாண்டு பி.எஸ்சி. மட்டும் போதாது. கிளினிகல் சைக்காலஜிஸ்டாகத் தொழில் செய்ய, இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பும் அங்கே பதிவும் வேண்டும். பதிவில்லாமல் செய்தால், 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். சீட் பிடித்துத் தரும் ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார்.

அடுத்து, பட்டம் தருவது யார்? கிழக்குத் தாம்பரம் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி 1978-லேயே தன்னாட்சி பெற்றது. பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரியுடையவை. பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்துடையது. பல்லாவரம் வேல்ஸ், காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பட்டத்தையும் தாங்களே தருகின்றன. எனவே பக்கத்து வீட்டு அக்கா சொன்ன விதி உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். உங்கள் பேட்ச்சுக்கான ரெகுலேஷனை முதல் செமஸ்டரிலேயே வாங்கிப் படியுங்கள்.

பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழக முறையில் படிப்பு ஐந்து பகுதிகள் கொண்டது. தமிழ் அல்லது வேறொரு மொழி, ஆங்கிலம், மேஜர் ஆகிய முதல் மூன்றையும் யாரும் மறப்பதில்லை. புள்ளியியலைக் கண்டு மிரள்கிறவர்கள்கூட எப்படியோ அரியரை முடித்துவிடுகிறார்கள். நான்காம் பகுதியின் சுற்றுச்சூழல், மதிப்புக் கல்வித் தாள்களும், ஐந்தாம் பகுதியின் என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்ற பணிகளும்தான் 'சும்மா'வாகத் தெரிகின்றன. இவற்றில் ஒரு கிரெடிட் விழாவிட்டாலும் பட்டம் நின்றுவிடும். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் கண்டோனேஷன் கட்டணம் கட்ட வேண்டிவரும். இன்னும் குறைந்தால் ஹால் டிக்கெட்டே வராது.

வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் படிக்கலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: 2025 ஜூலை - ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைதூர, ஆன்லைன் முறையில் சைக்காலஜிக்குப் புதிய சேர்க்கை கூடாது என்று யுஜிசி தடுத்துவிட்டது. இப்போதும் யாராவது சேர்த்துக்கொள்வதாகச் சொன்னால் பணம் கட்டாதீர்கள்.

சேர்ந்த பின் தகராறு வந்தால்? சரிபார்த்த பிறகும் அசல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்தக் கல்லூரிக்கும் உரிமையில்லை. யுஜிசியின் 2023 விதிகளின்படி ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். புகாரை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். முடிவு திருப்தியில்லை என்றால், அது கைக்கு வந்த 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைகேட்பு அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம்.

மதிப்பெண்ணில் சந்தேகமா? திருத்திய விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறுமதிப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருக்கமாக இருக்கும். அந்த விண்ணப்பத்தை முதலில் போட்டுவிடுங்கள்.