பேரேட்டில் நேராகாத ஒரு வரி

போன வாரம் இரவு ஒன்பதரை மணிக்கு அண்ணன் மகள் போன் செய்தாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பாடத்துக்கு வேண்டிய ஒரு மென்பொருளை இறக்கி, உபுண்டு 22.04 இருக்கும் தன் மடிக்கணினியில் போடப் பார்த்திருக்கிறாள். "அத்தே, ப்ரோக்கன் பேக்கேஜ்னு வருது. இப்ப வேற எதைப் போடப் போனாலும் அதே மெசேஜ்தான். ஃபார்மட் பண்ணிடட்டுமா?" என்றாள். மறுநாள் அசைன்மென்ட் கொடுக்க வேண்டுமாம். குரலில் அழுகை எட்டிப் பார்த்தது.

ஃபார்மட் எல்லாம் வேண்டாம், ஒரு டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார் என்றேன். நாமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வோம். இந்தச் செய்தி லினக்ஸ் பயன்படுத்தும் எல்லோருக்கும் ஒருநாள் வரும். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் அதைக் கண்டு பயப்படத் தோன்றாது.

முதலில் பேக்கேஜ் என்பது என்ன? டெபியன், அதிலிருந்து பிறந்த உபுண்டு, சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸ் எல்லாம் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்தில் ஒரு மென்பொருள் 'டெப்' என்று முடியும் ஒற்றைக் கோப்பாக வரும். அதைப் பொதி என்று சொல்லிக்கொள்வோம். பொதியைப் பிரித்தால் மூன்றே பொருள்கள். பொதியின் வடிவ எண் எழுதிய சின்னத் துண்டு ஒன்று. மென்பொருளின் கோப்புகள் எல்லாம் அடங்கிய கட்டு ஒன்று. மூன்றாவதும் ஒரு கட்டுதான், ஆனால் அதற்குள் 'கன்ட்ரோல்' என்று ஒரு சிட்டை இருக்கும். பொதியின் பெயர், பதிப்பு எண், பராமரிப்பவர் யார் என்பதோடு 'டிபெண்ட்ஸ்' என்று ஒரு வரியும் அதில் உண்டு. 'நான் வேலை செய்ய இன்னின்னவை இந்தக் கணினியில் இருக்க வேண்டும்' என்பதே அந்த வரி. சார்பு என்று நாம் சொல்வது இதைத்தான். அண்ணன் மகள் இறக்கிய பொதியின் வரியில் 'லிப்-எஸ்எஸ்எல்1.1' என்று ஒரு பெயர் இருந்தது. இணையத்தில் பேசும்போது செய்தியை மறைத்து அனுப்ப உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகம் அது. நூலகம் என்றால் பல மென்பொருள்கள் பொதுவாக எடுத்துப் பயன்படுத்தும் நிரல்.

வேண்டியதை எல்லாம் பொதியே தனக்குள் கொண்டுவந்துவிட்டால் என்ன என்று தோன்றும். நம் தெருவை நினைத்துப் பாருங்கள். இருநூறு பேருக்குச் சோறு வடிக்கும் அண்டா எல்லார் வீட்டிலும் இருக்காது. தெருக்கோடி வாடகைப் பாத்திரக் கடையில் ஒன்று இருக்கும், விசேஷம் உள்ள வீடு எடுத்துக்கொள்ளும். லினக்ஸிலும் அப்படித்தான். இடம் மிச்சமாகிறது என்பதைவிடப் பெரிய நன்மை ஒன்று இதில் இருக்கிறது. 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 'ஹார்ட்ப்ளீட்' என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. உலகம் முழுக்கப் பரபரப்பு. டெபியன் கணினிகளில் அந்த ஒரு நூலகப் பொதியைப் புதுப்பித்து, ஓடிக்கொண்டிருந்த சேவைகளை நிறுத்தித் தொடங்கியதும், அதை நம்பியிருந்த மென்பொருள்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சரியாயின. அண்டாவில் ஓட்டை விழுந்தால் ஒரு இடத்தில் ஈயம் பற்றவைத்தால் போதும். வீடு வீடாகப் போகத் தேவையில்லை. சார்புகள் தரும் தொல்லையை நாம் பொறுத்துக்கொள்வது இந்த வசதிக்காக.

அடுத்து, இந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று பார்ப்போம். இரண்டு பேர் இருக்கிறார்கள். இவர்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மூத்தவர் டி-பேக்கேஜ். 1994-இலிருந்து இருக்கிறார். லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர் மாதிரி, கையில் கொடுத்த பொதியைப் பிரித்து அடுக்குவார். 'இதற்கு இன்னொன்று வேண்டுமே' என்று சிட்டையைப் பார்த்துச் சொல்வார், ஆனால் போய் வாங்கி வரமாட்டார். இளையவர் ஆப்ட். 1999-இல் டெபியன் 2.1-ஓடு வந்து சேர்ந்தார். இவர் கணக்குப்பிள்ளை. களஞ்சியம் எனப்படும் பொதிக் கிடங்குகளின் பட்டியல் இவர் கையில் இருக்கும். டெபியன் 12-இல் மட்டும் 64,419 பொதிகள். நாம் ஒன்று கேட்டால் அதற்கு எது வேண்டும், அந்த எதுவுக்கு எது வேண்டும் என்று நூல் பிடித்துக்கொண்டே போய், எல்லாவற்றையும் வரவழைத்து, மூத்தவர் கையில் வரிசையாகக் கொடுப்பார்.

அண்ணன் மகள் நேராக மூத்தவரிடம் போய்விட்டாள். மென்பொருளின் பக்கத்தில் அப்படித்தான் செய்யச் சொல்லியிருந்ததாம். அவர் பொதியைப் பிரித்தார், கோப்புகளை அடுக்கினார், கடைசியில் அமைக்கும் கட்டத்தில் சிட்டையைப் பார்த்தார். லிப்-எஸ்எஸ்எல்1.1 இல்லை. அங்கேயே நிறுத்திவிட்டார்.

இப்போது எல்லோரும் தடுக்கி விழும் இடத்துக்கு வந்துவிட்டோம். 'ப்ரோக்கன்' என்றதும் ஏதோ கோப்பு கெட்டுவிட்டது, டிஸ்க் பழுது, சிஸ்டம் போச்சு என்று மனசு ஓடிவிடுகிறது. விஷயம் தெரிந்தவர்கள்கூட முதல் தடவை அப்படித்தான் நினைப்பார்கள். அவள் கணினியில் ஒரு கோப்பும் கெடவில்லை. இறக்கிய பொதி முழுசாக இருந்தது. ஏற்கெனவே இருந்த மென்பொருள்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. கணக்கு மட்டும் நேராகவில்லை.

கணக்கு என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. பேரேடு ஒன்று நிஜமாகவே இருக்கிறது. வார், லிப், டி-பேக்கேஜ் என்ற அடைவுகளுக்குள் ஒவ்வொன்றாக இறங்கினால் 'ஸ்டேட்டஸ்' என்று ஒரு கோப்பு. சாதாரண எழுத்தில் இருக்கும், யாரும் திறந்து படிக்கலாம், கை வைத்துத் திருத்தத்தான் கூடாது. கணினியில் உள்ள ஒவ்வொரு பொதிக்கும் அதில் ஒரு பத்தி. இதையே சுருக்கமாகப் பார்க்க, மூத்தவரிடம் பட்டியல் கேட்கலாம். அவளைக் கேட்கச் சொன்னேன். வரிவரியாக ஓடியது. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இரண்டு ஆங்கில எழுத்துகள். "எல்லாத்துக்கும் ஐ ஐன்னு இருக்கு அத்தே. நான் போட்டதுக்கு மட்டும் ஐ யூ."

அந்த இரண்டு எழுத்தில்தான் சூட்சுமம். முதல் எழுத்து நம் விருப்பம்: இந்தப் பொதி இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். இரண்டாவது எழுத்து நிலவரம்: அது உண்மையில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது. 'ஐ ஐ' என்றால் விரும்பினோம், வந்து உட்கார்ந்துவிட்டது. 'ஐ யூ' என்றால் விரும்பினோம், பிரித்து வைத்தாயிற்று, இன்னும் அமைக்கவில்லை. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியைத்தான் கணினி 'ப்ரோக்கன்' என்கிறது. அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டாம் என்று எனக்கு எப்போதும் தோன்றும். எத்தனை பேர் அதைப் பார்த்துவிட்டு நல்ல கணினியை அழித்துப் புதிதாகப் போட்டிருப்பார்கள்!

வேறு எதையும் போட முடியாமல் போனதற்கும் இதுதான் காரணம். கணக்குப்பிள்ளை பழைய வரி நேராகாமல் புதிய வரி எழுதமாட்டார். முதலில் 'ஆப்ட் ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்' கொடுத்து இதைத் தீருங்கள் என்று அவரே வழியும் சொல்கிறார். கட்டளையை அடிக்கும்போது 'ஃபிக்ஸ்' என்ற சொல்லுக்கு முன்னால் இரட்டைக் கோடு வரும்.

அந்தக் கட்டளையின் பெயரிலும் அதே தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. பழுது பார்க்கும் என்று நினைக்கிறோம். அது கணக்கை நேராக்கும், அவ்வளவுதான். நேராகாத கணக்கை இரண்டு விதமாக நேராக்கலாம். குறைவதைக் கொண்டுவந்து சேர்க்கலாம், அல்லது கேட்டதையே அடித்துவிடலாம். அண்ணன் மகள் கொடுத்தபோது திரையில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'ரிமூவ்டு' என்ற சொல் வந்தது, அதன்கீழ் அவள் போட்ட மென்பொருளின் பெயர். "சரி பண்ணச் சொன்னா எடுத்துடப் பாக்குதே!" என்றாள். கணக்குப்பிள்ளை பக்கம் நியாயம் இருக்கிறது. உபுண்டு 22.04 ஓப்பன்எஸ்எஸ்எல் 3-க்கு மாறிவிட்டது. அதன் களஞ்சியத்தில் லிப்-எஸ்எஸ்எல்1.1 கிடையாது. கொண்டுவர வழியில்லாததால் கேட்டதை அடிக்கிறார்.

இங்கே ஒரு நிமிடம் நிற்போம். 'ஒய்' தட்டுவதற்கு முன்னால் எதெல்லாம் போகப் போகிறது என்ற பட்டியலைப் படித்தே ஆக வேண்டும். ஒரு பெயர் என்றால் பரவாயில்லை. நீளமாக ஓடினால், அதில் டெஸ்க்டாப் என்ற சொல் தென்பட்டால், 'என்' தட்டிவிட்டு யோசிக்க வேண்டும். 2021 நவம்பரில் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப்-ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியைப் போடப் போனார். களஞ்சியத்தில் அப்போது இருந்த ஒரு பதிப்புப் பொருத்தமின்மையால், ஸ்டீம் வேண்டுமென்றால் டெஸ்க்டாப்பை எடுத்துவிட வேண்டும் என்று ஆப்ட் கணக்குப் போட்டது. ஆபத்தான வேலை என்று எச்சரித்து, சம்மதமென்றால் ஒரு முழு வாக்கியத்தைத் தட்டச்சு செய்யச் சொன்னது. அவர் செய்தார். டெஸ்க்டாப் போய்விட்டது. லட்சக்கணக்கானோர் அந்தக் காணொளியைப் பார்த்தார்கள். அதன்பின் ஆப்ட்டை எழுதுகிறவர்கள், வாக்கியம் தட்டினால் மட்டும் அப்படிப்பட்ட பொதிகள் போகாதபடி மாற்றினார்கள்.

அத்தனை பெரிய கணக்கில் ஆப்ட் ஏன் தடுமாறுகிறது என்று கேட்கலாம். கல்யாணப் பந்தியில் உட்காரவைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இவருக்கு அவர் பக்கத்தில் இருக்க வேண்டும், இன்னொருவர் இருந்தால் மூன்றாமவர் வரமாட்டார், நான்காமவருக்குப் பதில் அவர் தம்பி வந்தாலும் சரி. ஆள் கூடக் கூட இது எவ்வளவு சிக்கலாகும் என்று பந்தி நடத்தியவர்களுக்குத் தெரியும். பொதிகளிலும் 'வேண்டும்', 'கூடாது', 'இதற்குப் பதில் அது' மூன்றும் உண்டு. இது கணினியியலில் மிகக் கடினமான கணக்கு வகைகளில் ஒன்று என்று நிரூபித்தே இருக்கிறார்கள்.

ஆகவே செய்தியின் கடைசிச் சொற்களை நாம் கவனித்துப் படிக்க வேண்டும். 'நாட் இன்ஸ்டாலபிள்' என்று முடிந்தால், அந்தப் பெயர் நம் களஞ்சியங்கள் எதிலும் இல்லை. 'நாட் கோயிங் டு பி இன்ஸ்டால்டு' என்றால் பொதி இருக்கிறது, அதைப் போட்டால் வேறெங்கோ இடிக்கிறது. ஒரு பதிப்பு கேட்டு வேறு பதிப்பு வரப்போவதாகச் சொன்னால், பெரும்பாலும் எப்போதோ நாம் சேர்த்துவிட்டு மறந்துபோன வெளிக் களஞ்சியம் ஒன்று நடுவே நிற்கிறது. 'ஆப்ட்-கேஷ் பாலிசி' என்று பொதியின் பெயரோடு கேட்டால், எந்தப் பதிப்பு எங்கிருந்து வருகிறது என்று காட்டிவிடும்.

சில சமயம் பெயரே மாறியிருக்கும். உபுண்டு 24.04-இல் பழைய பொதிகளைப் போட முயன்றவர்கள் 'லிப்-அசவுண்ட்2' இல்லை என்ற செய்தியைப் பார்த்திருப்பார்கள். அது 'லிப்-அசவுண்ட்2டி64' ஆகிவிட்டது. 1970-இலிருந்து நொடிகளை 32 பிட்டில் எண்ணிவரும் கணினிகளுக்கு 2038 ஜனவரி 19-இல் எண் தீர்ந்துவிடும். அதற்கு முன்கூட்டியே தயாராகத்தான் நூற்றுக்கணக்கான நூலகங்களுக்கு இப்படி வால் ஒட்டினார்கள்.

பாதிப் புதுப்பித்தலில் கரண்ட் போய்விட்டால் வரும் சிக்கல் இன்னும் எளிது. பொதிகள் பல பிரித்த நிலையில் நின்றிருக்கும். மூத்தவரிடம் 'கான்ஃபிகர்' என்ற கட்டளையைக் கொடுத்து, 'ஏ' என்ற ஓர் எழுத்தையும் சேர்த்தால், விட்ட இடத்திலிருந்து முடித்துவிடுவார். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: 'லாக்' இருக்கிறது என்று சொன்னால் அந்தக் கோப்பை அழிக்க வேண்டாம். பின்னணியில் வேறொரு புதுப்பித்தல் ஓடிக்கொண்டிருக்கும். இன்னொரு டீ குடிக்கும் நேரத்தில் அது முடிந்துவிடும்.

அண்ணன் மகளுக்கு இதற்குள் ஒரு யோசனை. பழைய உபுண்டுவின் கிடங்கிலிருந்து லிப்-எஸ்எஸ்எல்1.1-ஐ மட்டும் எடுத்துப் போட்டால் என்ன? போடலாம், வேலையும் செய்யும். நான் வேண்டாம் என்றேன். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பர் 11-ஓடு முடிந்துவிட்டது. தனியாக எடுத்துப் போட்ட அந்தக் கோப்பில் நாளை ஒரு ஓட்டை தெரிந்தால், புதுப்பித்தலில் அதற்குத் திருத்தம் வராது. பொது அண்டாவை எதற்காக வைத்தோமோ அந்தப் பயனே போய்விடும்.

பட்டியலில் ஒரு பெயர்தான் போகிறது என்று இன்னொருமுறை பார்த்துவிட்டு அவள் 'ஒய்' தட்டினாள். பிறகு மென்பொருளின் பக்கத்தைக் கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்தோம். அதே மென்பொருளுக்கு 22.04-க்கென்றே கட்டிய புதிய பொதி இருந்தது. அவள் முன்பு எடுத்தது மேலே இருந்த பழையது. இந்த முறை மூத்தவரை விட்டுவிட்டுக் கணக்குப்பிள்ளையிடமே கொடுத்தாள். ஆப்ட் இன்ஸ்டால் என்று அடித்து, கோப்பின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் ஒரு சாய்கோடும். களஞ்சியத்தில் தேடாமல் இந்த அடைவில் இருக்கும் கோப்பை எடுத்துக்கொள் என்று அதற்கு அர்த்தம். கூடவே வேண்டிய இரண்டு சின்ன நூலகங்களை ஆப்ட் தானே வரவழைத்துக்கொண்டது.

பட்டியலை மறுபடி கேட்கச் சொன்னேன். தேடிப் படித்தாள்: "ஐ... ஐ." மணி பத்தரை. அசைன்மென்ட்டைத் தொடங்கப் போகிறேன் என்று போனை வைத்தாள்.