அம்மாவுக்கு ஒயின், எந்த ஞாயிறு?

நம் கடலூர்ப் பக்கத்து மேல்பட்டாம்பாக்கத்தில் அன்னையர் தினம் மே மாத இரண்டாம் ஞாயிறு. பிரான்ஸ் நாட்டு வழக்கப்படியோ மே மாதக் கடைசி ஞாயிறு. 1950-இல் சட்டமே போட்டு வைத்த நாள் அது. பெந்தெகொஸ்தே திருநாளும் அன்றே வந்தால் ஜூன் முதல் ஞாயிறுக்குத் தள்ளிப்போகும்.

அங்கே அம்மாவின் விருந்துக்கு ஒயின் வாங்குபவர்கள் புட்டியில் தேடுவது பெரும்பாலும் வட்டாரப் பெயரைத்தான். போர்தோ, பர்கண்டி, ஷாம்பெய்ன் எல்லாமே நம் பண்ருட்டிப் பலா மாதிரி, மண்ணைச் சொல்லி விற்கும் சரக்கு. ஷாம்பெய்ன் வட்டாரத்துக்கு வெளியே நுரைக்கும் ஒயின் செய்தால் அந்தப் பெயரைப் போட முடியாது. அப்படிப் பல ஊர்களில் செய்வதற்குக் ‘கிரெமான்’ என்று பெயர். விலையும் பொதுவாகக் குறைவு; கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு அது போதும்!

ஒயின் நம் கரைக்குப் புதிதல்ல. 1945-இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது, மத்தியதரைக்கடல் நாடுகளின் ஒயின் சாடித் துண்டுகள் கிடைத்தன.

ஒரு எச்சரிக்கை: புதுச்சேரியில் வாங்கிய புட்டியை அனுமதியில்லாமல் கடலூர்ப் பக்கம் கொண்டுவருவது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். பரிசுக்கென்று சொன்னாலும் சோதனைச்சாவடியில் எடுபடாது.