முப்பந்தல் காற்று, கூடங்குளம் அணு: என்ன வித்தியாசம்?

நாகர்கோவிலில் நெல்லை பஸ் ஏறினால், ஆரல்வாய்மொழி தாண்டியதும் முப்பந்தல் காற்றாலைகள் வரிசைகட்டும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கணவாயில் வேகமெடுத்து இறக்கைகளைச் சுழற்றும். எரிபொருளும் வேண்டாம், புகையும் இல்லை. ஆனா சீசன் முடிஞ்சா உற்பத்தி சரிந்துவிடும்.

பக்கத்து மாவட்டத்துக் கூடங்குளம் அப்படியில்லை. யுரேனிய அணுக்கரு பிளவுபடும் வெப்பத்தில் தண்ணீர் நீராவியாகி டர்பைனைச் சுற்றும். தலா 1,000 மெகாவாட் திறனுள்ள 2 உலைகள், பராமரிப்பு நாட்கள் தவிர, இரவு பகலாக ஓடக்கூடியவை. கார்பன் குறைவுதான். ஆனா பயன்படுத்திய எரிபொருளின் கதிரியக்கம் பல்லாயிரம் ஆண்டுகள் நீடிக்கும். 2011-ல் ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு இடிந்தகரையில் போராட்டம் வலுத்ததும் இந்த அச்சத்தால்தான்.

காற்று நின்ற நேரத்தில் கைகொடுக்கப் போவது அணுவா, பேட்டரியில் சேமித்த மின்சாரமா? இனி கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.