காசு சுண்டிச் செய்த சோதனை

முரட்டுப் பையன் ஒருவனைத் திருத்த வேண்டும். நீங்கள் என்ன செய்வீர்கள்? அன்பாகப் பேசுவேன், பாடம் சொல்லித் தருவேன், கோடை விடுமுறையில் நல்ல முகாமுக்கு அனுப்புவேன் என்பீர்கள். டாக்டர் ரிச்சர்டு கேபட்டும் அப்படித்தான் நினைத்தார். அமெரிக்காவில் பாஸ்டன் நகரை அடுத்த கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற இரண்டு ஊர்களில் 1939ஆம் ஆண்டில் அவருடைய திட்டம் தொடங்கியது.

கேபட் மருத்துவர். மருந்தைச் சோதிப்பது போலவே அன்பையும் சோதிக்க விரும்பினார். வயது, அறிவுத்திறன், குடும்பச் சூழல் ஆகியவற்றில் ஒத்த சிறுவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்தார்கள். பிறகு காசைச் சுண்டி, இருவரில் ஒருவனுக்கு மட்டும் உதவி என்று முடிவு செய்தார்கள். கடைசியாகக் கணக்கில் நின்றவர்கள் 506 பேர். அதாவது 253 இணைகள். உதவி பெற்றவர்களின் வீட்டுக்கு மாதம் இரு முறை வீதம் ஆலோசகர் சென்றார். படிப்பில் பின்தங்கியவர்களுக்குத் தனிப்பாடம், தேவைப்பட்டவர்களுக்கு மருத்துவம், சிலருக்குக் கோடை முகாம். இப்படிச் சுமார் ஐந்து ஆண்டுகள் நடந்து, 1945இல் திட்டம் முடிந்தது.

முப்பது ஆண்டுகள் சென்றன. சிறுவர்கள் நடுவயதினர் ஆகிவிட்டார்கள். ஜோன் மக்கார்டு என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப்பிடித்து விசாரித்தார். நீதிமன்ற, மருத்துவப் பதிவேடுகளையும் புரட்டினார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரு பங்கினர், திட்டத்தால் தங்களுக்கு நன்மையே என்றார்கள். பதிவேடுகளோ வேறு கதை சொல்லின. மீண்டும் குற்றம் செய்தவர்கள், குடிக்கு அடிமையானதற்கான அறிகுறி உள்ளவர்கள், இளவயதில் இறந்தவர்கள் ஆகியோர் உதவி பெற்ற பிரிவில்தான் அதிகம்! 1978இல் இது வெளியானபோது பலரால் நம்பவே முடியவில்லை. காசு சுண்டிப் பிரித்த மற்றப் பாதி இல்லாதிருந்தால், அந்த நன்றிச் சொற்களைக் கொண்டே திட்டம் வெற்றி என்று எழுதியிருப்பார்கள் அல்லவா?

அன்பு எப்படித் தீங்கு செய்யும்? பின்னாளில் மக்கார்டு கணக்கை மேலும் பிரித்துப் பார்த்தார். கோடை முகாமுக்கு ஒரு முறைக்கு மேல் அனுப்பப்பட்டவர்களிடமே கேடு மிகுதியாகத் தெரிந்தது. முகாமில் ஆலோசகர் ஒருவர், பையன்களோ பலர். இரவில் படுக்கையில் பேசிக்கொள்வது யாருடன் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆரெகன் மாநிலத்தில் தாமஸ் டிஷன் என்பவர், பதின்மூன்று பதினான்கு வயதுப் பையன்கள் நண்பனுடன் பேசுவதைப் படமெடுத்து ஆராய்ந்தார். விதியை மீறிய கதை ஒன்றைச் சொன்னதும் நண்பன் சிரிக்கிறானா என்று கவனித்தார். அந்தச் சிரிப்பு மிகுந்த இணைகளில் பிற்காலக் குற்றங்களும் மிகுந்தன. அறிவுரையைவிடச் சிரிப்பு வலிய ஆசிரியர் போலும். குறும்பர்களையெல்லாம் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கும் ஆசிரியர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

அங்கேயே இன்னொரு சோதனையும் நடந்தது. தடம் மாறக்கூடிய பிள்ளைகளைக் குழுவாக உட்கார்த்தித் தன்னடக்கம் கற்பித்தார்கள். வகுப்பில் பிள்ளைகள் நன்றாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் பின்னர் அவர்களிடையே புகைபிடித்தல் கூடியது. பள்ளியில் தொல்லையும் கூடியது. பெற்றோருக்கு மட்டும் பயிற்சி அளித்த பிரிவில் இந்தக் கேடு காணப்படவில்லை. இவ்விரண்டு சோதனைகளையும் ஒன்றாக வைத்து, டிஷனும் மக்கார்டும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1999இல் வெளிவந்தது.