இசுரோ உந்துகை வளாகம்

இசுரோ உந்துகை வளாகம் என்பது திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் அமைந்துள்ள, இந்திய விண்வெளி ஆய்வு மையத்தின் (இசுரோ) ஒரு பிரிவு ஆகும். ஏவூர்திகளின் நீர்ம எரிபொருள் பொறிகளும் கடுங்குளிர்ப் பொறிகளும் இங்கு சோதிக்கப்படுகின்றன. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்திற்கான பொறிகளும் இங்கேயே தகுதிச் சோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டன.

அமைவிடமும் வரலாறும்

தாமிரபரணிப் பள்ளத்தாக்கிற்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், பணகுடிக்கு அருகில் இவ்வளாகம் உள்ளது. முன்னர் இது நீர்ம உந்துகை அமைப்பு மையத்தின் ஓர் அலகாக இருந்தது. 2014 பெப்ரவரி 1 அன்று தனி மையமாக மாற்றப்பட்டது.

மனிதப் பயணத்திற்கான தகுதிப்பாடு

செயற்கைக்கோளை ஏற்றிச் செல்லும் பொறி பழுதுற்றால் பொருளிழப்பு மட்டுமே ஏற்படும். மனிதர் செல்லும்போது அது உயிரிழப்பாக முடியலாம். ஆகவே ஏற்கனவே பறந்து வெற்றி கண்ட பொறிகளும் மேலும் கடுமையான சூழல்களில், கூடுதல் நேரம் இயக்கிப் பார்க்கப்படுகின்றன.

ககன்யானை ஏந்தவிருக்கும் எல்விஎம்-3 ஏவூர்தியின் நீர்ம நிலையில் இரண்டு விகாசு பொறிகள் உள்ளன. இவ்வகைப் பொறி 2021 சூலை 14 அன்று இங்கு 240 நொடிகள் இயக்கிச் சோதிக்கப்பட்டது.

மேல்நிலையில் உள்ள சிஇ-20 கடுங்குளிர்ப் பொறி, ஏறத்தாழ -253 °செ வெப்பநிலையிலுள்ள நீர்ம ஐதரசனையும் -183 °செ வெப்பநிலையிலுள்ள நீர்ம ஆக்சிசனையும் பயன்படுத்துகிறது. 2022 சனவரி 12 அன்று இது 720 நொடிகள் இயக்கப்பட்டது. இப்பொறி மிக உயரத்தில் பற்றவைக்கப்படுவதால், அங்குள்ள வெற்றிடச் சூழலைத் தரையில் உருவாக்கியும் சோதனைகள் நடந்தன. இவற்றுள் இறுதியானது 2024 பெப்ரவரி 13 அன்று நிறைவுற்றது. மனிதத் தகுதிப்பாட்டிற்குத் தேவையான குறைந்த அளவு 6,350 நொடிகள். நான்கு பொறிகள் 39 சோதனைகளில் மொத்தம் 8,810 நொடிகள் இயங்கின.

மனித உடலில் ஏற்படும் விளைவுகள்

பொறிகள் தரும் முடுக்கத்தால் விண்வெளி வீரர் தம் எடை பல மடங்கு கூடியதாக உணர்வார். இவ்விசை தலையிலிருந்து காலை நோக்கிச் செயல்பட்டால், மூளைக்குச் செல்லும் குருதி குறைந்து நினைவிழக்க நேரிடலாம். எனவே வீரர்கள் மல்லாந்த நிலையில் இருத்தப்படுகின்றனர். அப்போது விசை மார்பிலிருந்து முதுகை நோக்கிச் செயல்படும். உடல் அதனை எளிதில் தாங்கும்.

பொறி நின்றதும் எடையின்மை தொடங்குகிறது. அதன் விளைவுகள்:

* கால்களில் உள்ள நீர்மம் தலைப்பக்கம் நகர்வதால் முகம் வீங்கி, மூக்கு அடைத்துக் கொள்ளும்.
* உட்காதின் சமநிலை உணர்வு குழம்புவதால் குமட்டலும் தலைசுற்றலும் தோன்றும். இவை பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாட்களில் தணியும்.
* நீண்ட பயணங்களில் தசைகள் மெலியும். உடலைத் தாங்கும் எலும்புகள் மாதத்திற்கு ஏறத்தாழ 1 விழுக்காடு அடர்த்தியை இழக்கும். இதனைக் குறைக்கவே பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் நாள்தோறும் சுமார் 2 மணி நேரம் உடற்பயிற்சி செய்யப்படுகிறது.

ககன்யான் பயணம் 3 நாட்கள் வரை நீடிப்பதாகத் திட்டமிடப்பட்டுள்ளது. எனவே எலும்புத் தேய்வை விட, முதல் நாட்களின் குமட்டலே இதில் முதன்மையான இடர் ஆகும். கலம் கடலில் இறங்கும். எடையின்மைக்குப் பழகிய உடல் எழுந்து நிற்கையில் குருதி அழுத்தம் தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். ஆதலால் வீரர்களை விரைந்து மீட்பதும் இன்றியமையாதது.