ஊரைச் சொன்னால் கண்ணீர் வரும்

மும்பைத் தமிழர்களை அழ வைக்கும் பாடல்கள் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகின்றன. அழுகைக்கான காரணமும்தான்.

தாராவி, தொண்ணூறு அடிச் சாலை. பொங்கல் முடிந்த வாரம். தெருவின் பாதியை அடைத்துப் போட்ட மேடையில் மெல்லிசைக் குழு ஒன்று மாலையிலிருந்தே வெளுத்து வாங்கிக்கொண்டிருக்கிறது. ரஜினி பாட்டுக்கு விசில் பறக்கிறது. விஜய் பாட்டுக்குச் சிறுவர்கள் மேடை ஏறிவிடுகிறார்கள். பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும். கடைசியாகக் கீழேயிருந்து வந்த சீட்டு ஒன்றைப் பாடகர் பிரித்துப் பார்க்கிறார். டிரம்ஸ் வாசிப்பவருக்கு வேலை இல்லை என்று சைகை காட்டுகிறார். கீபோர்டில் ஒற்றைச் சுரம் நிற்க, 'தென்பாண்டிச் சீமையிலே' தொடங்குகிறது.

விசில் அடங்குகிறது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எழுபது வயதுக்காரர் ஒருவர் தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொள்கிறார். அவர் மனைவிக்கு அந்தக் கூச்சமும் இல்லை. வெளிப்படையாகவே அழுகிறார். செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த பேரன் கையைத் தாழ்த்திக்கொள்கிறான்.

கூட்டம் கலைந்த பிறகு கேட்டேன். "சோகப் பாட்டு எத்தனையோ இருக்கே அண்ணாச்சி, இதுக்கு மட்டும் ஏன்?"

"எங்க ஊரப் பத்தில்லா பாடுதாவ, தாயி" என்றார் அவர். அதற்கு மேல் விளக்கம் எதுவும் தரவில்லை.

அவர் சொன்ன ஊர், திருநெல்வேலியைத் தாண்டி ஒரு சிற்றூர். தோல் பட்டறை வேலைக்கு அவருடைய அப்பா தாராவிக்கு வந்தார். அந்தத் தடத்தில் வந்தவர்கள் ஏராளம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே திருநெல்வேலிச் சீமையிலிருந்து முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் நாடார்களும் பம்பாய்க்கு ரயில் ஏறினார்கள். சதுப்பு நிலமாகக் கிடந்த தாராவியில் தோல் பட்டறைகள் எழுந்தன. 1887-இல் பெரிய மசூதி வந்தது. 1913-இல் தமிழர்கள் கணேசர் கோயில் கட்டினார்கள். 1980-களில் பட்டறைகள் தேவ்நாருக்கு இடம் மாறின. மனிதர்கள் மாறவில்லை.

1987 தீபாவளிக்கு மணிரத்னத்தின் 'நாயகன்' வெளியானது. பம்பாய்த் தமிழர்களின் 'தாதா'வாக அறியப்பட்ட வரதராஜ முதலியாரின் வாழ்க்கைச் சாயல் கொண்ட கதை. இளையராஜாவுக்கு அது 400-வது படம். புலமைப்பித்தன் எழுதிய அந்தப் பாட்டு இளையராஜாவின் குரலிலும் கமல்ஹாசனின் குரலிலும் படத்தில் வருகிறது. அடிபட்ட ஒரு பிள்ளையிடம் 'யார் உனக்கு இதைச் செய்தது?' என்று கேட்கும் தாலாட்டுதான் அது. வாத்திய ஆரவாரம் கிடையாது. குரல் மட்டும் முன்னே நிற்கிறது.

மராத்தியிலும் இந்தியிலும் இருந்து மொழிபெயர்த்துப் பிழைப்பவள் நான். மராத்தித் தோழி ஒருத்திக்கு அந்தப் பாட்டின் பொருளை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். தென்பாண்டி என்றால் பாண்டிய நாட்டின் தென்பகுதி, சீமை என்றால் பிரதேசம் என்று விளக்கினேன். மரியாதையாகத் தலையாட்டினாள். அடிக்குறிப்பைப் படித்து யாரும் அழுவதில்லை என்று அன்றைக்குப் புரிந்தது. நாகர்கோவில் எக்ஸ்பிரசில் இரண்டு இரவுகள் உட்கார்ந்தே பயணம் செய்தவனுக்குத்தான் அந்த இரண்டு சொற்களின் எடை தெரியும்.

அழுகையைப் பற்றித் தொல்காப்பியர் யோசித்திருக்கிறார். மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு நிலைக்களன்கள் சொல்கிறார். இளிவு என்பது பிறரால் இகழப்படுவது. இழவு என்பது உறவையோ உடைமையையோ பறிகொடுப்பது. அசைவு என்பது முன்பிருந்த நிலை கெட்டுத் தாழ்வது. நான்காவது வறுமை. வகுப்பில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த இந்தப் பட்டியல், இருபது ஆண்டு கழித்துத் தாராவிச் சந்துகளில்தான் எனக்கு விளங்கியது.

நாற்காலிப் பெரியவரின் கண்ணீர் இழவு. ஊரை விட்டதற்கான அழுகை.

தாராவியிலிருந்து ரயில் பாதையைத் தாண்டி நடந்தால் மாட்டுங்கா. அங்கேயும் தமிழர்கள். அவர்களும் ஊரை விட்டு வந்தவர்கள்தான். ஆனால் வந்த கதை வேறு. தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு அலுவலக வேலைக்கு வந்த குடும்பங்கள் பல. 1952-இல் தொடங்கிய சண்முகானந்த சபைக்கு 1963-இல் கிங்ஸ் சர்க்கிள் அருகே பிரம்மாண்டமான அரங்கம் அமைந்தது. 1990-இல் தீ விபத்தில் சேதமடைந்து 1998-இல் மீண்டும் திறக்கப்பட்டது. இந்த வட்டாரத்தின் கண்ணீருக்கு ஒரு பாட்டு உண்டு: 'குறை ஒன்றும் இல்லை'. ராஜாஜி எழுதி, கடையநல்லூர் வெங்கட்ராமன் மெட்டமைத்து, எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியது. சிவரஞ்சனியில் தொடங்கி காபிக்கும் சிந்துபைரவிக்கும் நகரும் ராகமாலிகை. குறையே இல்லை என்று சொல்லும் பாட்டைக் கேட்டு ஒரு தலைமுறையே ஏன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறது? குறை இருப்பவர்தான் அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதாலோ என்னவோ.

செம்பூரில் இந்த இரண்டு கண்ணீரும் சந்திக்கின்றன. மாட்டுங்காவில் இடம் போதாமல் போனவர்களும், சுத்திகரிப்பு ஆலைக்கும் உர ஆலைக்கும் அணுசக்தி மையத்துக்கும் வேலைக்கு வந்தவர்களும், தாராவியிலிருந்து ஒரு படி ஏறியவர்களும் கலந்து வாழும் இடம் அது. செட்டா நகர் முருகன் கோயில் படிகளில் எல்லோரும்தான் ஏறுகிறார்கள். அங்கே ஒரே வீட்டில் பாட்டிக்கு எம்.எஸ்., அப்பாவுக்கு இளையராஜா, மகனுக்கு ராப்.

ராப் என்றதும் பெரியவர்கள் முகம் சுளிப்பது வழக்கம். 'அதில் அழ என்ன இருக்கிறது, ஒரே சத்தம்' என்பார்கள். தாராவி இளைஞர்கள் அப்படிச் சொல்வதில்லை. அவர்களுடைய பிரியமான குழுக்களில் ஒன்று 'டோப்அடெலிக்ஸ்'. தாராவியிலேயே பிறந்து வளர்ந்த பையன்கள் அமைத்த குழு. தமிழ், இந்தி, மராத்தி, ஆங்கிலம் என நான்கு மொழிகளிலும் பாடுகிறார்கள். அவர்களைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது ஒரு மராத்திப் பாட்டு. 'தாய்மேல் ஆணை, அது நான் இல்லை ஐயா' என்ற பொருள்படும் தலைப்பு. போலீஸ் கெடுபிடியில் மாட்டும் சேரிப் பையனின் குரல் அது.

இந்தக் கெடுபிடிக்குப் பழைய வேர் உண்டு. 1966-இல் தொடங்கிய சிவசேனை ஆரம்ப ஆண்டுகளில் குறி வைத்தது தென்னிந்தியர்களைத்தான். 'மதராஸி', 'லுங்கிவாலா' என்ற சொற்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்று தாத்தாக்கள். பேரன்கள் மராத்தி சரளமாகப் பேசுகிறார்கள். ஆனால் வேலைக்கான நேர்முகத்தில் முகவரி என்று வரும்போது 'தாராவி' என்று சொல்லத் தயங்கி, 'சயான்' என்று சொல்லிச் சமாளித்த பையன்களை எனக்குத் தெரியும். அவர்கள் அந்த ராப் பாட்டைக் கேட்டுக் கலங்குவது தொல்காப்பியர் சொன்ன இளிவினால்தான். நாற்காலிப் பெரியவரைத் தொட்டதும் இவர்களைத் தொடுவதும் அடிப்படையில் ஒன்றே. சொல்லத் தயங்கிய ஊர்ப்பெயரை யாரோ மைக்கில் உரக்கச் சொல்லிவிட்டார்கள்.

இளையராஜாவுக்கும் இந்தப் பையன்களுக்கும் உள்ள தூரம்கூட நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. சினிமாவில் 'அன்னக்கிளி' (1976) வருவதற்கு முன், பண்ணைப்புரத்து ராஜா தன் அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகப் போய்க் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். 'பாவலர் பிரதர்ஸ்' என்ற குழுதான் அவருடைய முதல் கல்லூரி. கையில் கிடைத்த வாத்தியத்தோடு, தெருவில் நின்று, தங்கள் ஆட்களுக்குத் தங்கள் பேச்சிலேயே பாடியவர்கள் அவர்கள். டோப்அடெலிக்ஸ் செய்வதும் அதைத்தான்.

வறுமைக்கான கண்ணீர் எங்கே? அதை வடித்தவர்கள் பெரும்பாலும் வெளியே இருந்தார்கள். 2008-இல் வந்த 'ஸ்லம்டாக் மில்லியனர்' மும்பைச் சேரிகளைக் காட்டி எட்டு ஆஸ்கர் விருதுகளை வென்றது. அவற்றில் இரண்டு ஏ.ஆர். ரஹ்மானுக்கு. உலகம் நெகிழ்ந்தபோது, தலைப்பில் 'நாய்' எதற்கு என்று இங்கே எதிர்ப்பு எழுந்தது. மட்பாண்டமும் தோல் பையும் இட்லியும் உற்பத்தி செய்து நகரம் முழுக்க அனுப்பும் ஊர் தாராவி. வறுமை அங்கே உண்டு. ஆனால் அதற்காகப் பிறர் உச்சுக் கொட்டுவதை அந்த மக்கள் விரும்பியதாக நான் பார்த்ததில்லை.

நான்காவதாக அசைவு. அதை நான் கண்டது 2018 ஜூனில், மாட்டுங்கா அரோரா தியேட்டரில். மும்பையில் தமிழ்ப் படம் என்றால் பல காலம் நினைவுக்கு வந்த பெயர் அது. பா. ரஞ்சித்தின் 'காலா' ஓடிக்கொண்டிருந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவியில் வேரூன்றிய கரிகாலனாக ரஜினி. சந்தோஷ் நாராயணன் இசையில் டோப்அடெலிக்ஸ் பாடியிருந்தார்கள். 'செம்ம வெயிட்டு' பாட்டுக்குத் தியேட்டர் குலுங்கியது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, நிலத்தைக் காப்பதற்கான போராட்டம் சூடேறியபோது 'உரிமையை மீட்போம்' ஒலித்ததும் என் வரிசையில் இருந்த இளைஞர்கள் மௌனமானது. விசிலடித்த ஒருவன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான். இருபது வயதிருக்கும். திருநெல்வேலியைப் பார்த்திருப்பானா என்பதே சந்தேகம்.

'நாயகன்', 'காலா' இரண்டிலும் ஏழைகளின் குடியிருப்பைக் காலி செய்ய வருபவர்கள் உண்டு. இரண்டு படங்களுக்கும் தாராவியின் பெரும்பகுதி சென்னையில் அரங்கமாகத்தான் எழுப்பப்பட்டது. சென்னையில் கட்டிய சந்தைப் பார்த்து, நிஜச் சந்தில் வசிப்பவன் அழுகிறான்.

அந்த நிஜச் சந்துகள் இப்போது அளக்கப்பட்டுவிட்டன. தாராவியை மறுசீரமைக்கும் திட்டம் 2004-லிருந்து பேசப்பட்டு, பலமுறை தள்ளிப்போய், 2022 நவம்பரில் அதானி குழுமம் ஏலத்தில் வென்றது. 2024-இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பதை நிரூபிப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மாடியில் குடியிருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே இடம். தனிக் கழிப்பறையும் குழாய்த் தண்ணீரும் உள்ள வீட்டை எந்தப் பெண்ணும் வேண்டாம் என்று சொல்லமாட்டாள். காலைக்கடனுக்கு வரிசையில் நின்றவர்களிடம் போய்ச் சேரியின் அழகைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை. ஆனால் ஒரே வீட்டில் கீழே அப்பா, மேலே மகன் என்று வாழ்கிற குடும்பங்கள் அங்கே ஏராளம். ஒரே ஏணி. கீழே இருப்பவர் தாராவிவாசி, மேலே இருப்பவர் வெளியே.

நாற்காலிப் பெரியவர் வீட்டிலும் அதே ஏணிதான். பேரன் மாடியில் இருக்கிறான். தாத்தாவின் அழுகை ஏற்கெனவே விட்டுவந்த ஊருக்கானது. பேரனின் அழுகை இன்னும் கையில் இருக்கிற ஊருக்கானது. தாத்தாவுக்கு இழவு, பேரனுக்கு அசைவு. இரண்டுக்கும் அந்த இரவில் ஒரே பாட்டு போதுமாக இருந்தது.

அவனிடமும் கேட்டேன், நீ ஏன் அழுதாய் என்று. "தாத்தா அழுறதை சின்ன வயசுலேர்ந்து பாத்திருக்கேன் அக்கா. அந்தப் பாட்டு வந்தா எங்க வீட்டுல அப்படித்தான்" என்றான். தமிழில் ஆரம்பித்து, பாதியில் இந்திக்கு மாறி, கடைசியில் மராத்தியில் வந்து முடித்தான்.

பாட்டு எங்கேயும் போய்விடாது. செல்போனில் இருக்கிறது, கிலோமீட்டர் கணக்கில் தள்ளிக் குடியமர்த்தினாலும் கூடவே வரும். ஆனால் அன்றிரவு அந்தப் பெரியவர் துண்டால் முகத்தை மூடியபோது, பக்கத்து நாற்காலிக்காரர் எதுவும் கேட்காமல் அவர் முழங்காலில் கையை வைத்தார். அவரும் அதே ரயிலில் வந்தவர். அடுத்த பொங்கலுக்கு மேடை போடும்போது அந்த இரண்டு நாற்காலிகளும் அருகருகே இருக்குமா என்பதைத்தான் இப்போது தாராவி கணக்கிட்டுக்கொண்டிருக்கிறது.